குடிமக்கள் போர்

1

கடிதம் எழுதுகிற எல்லோரும் குளிர் எப்படி, பனி எப்படி, மலை பார்க்கப் போனீர்களா என்றுதான் கேட்கிறீர்கள். குளிர் இருக்கிறது. மலையும் இருக்கிறது. இந்த முறை நான் எழுதப்போவது என் மகள் சொன்ன ஒரு சொல்லைப் பற்றி. கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை.

சுவிசில் நாங்கள் இருக்கும் பாடன் நகரில் எங்கள் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடக்கிறது. தேவாலயத்துக்குச் சொந்தமான ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். வருடத்தில் ஒருமுறை கலை விழா. அதில் பேச்சுப் போட்டியும் உண்டு. என் மகள் தர்ஷினிக்குப் பதினான்கு வயது. நான்கு வயதில் இங்கே வந்தவள். இங்கத்தைய ஜெர்மன் மொழிப் பள்ளியில் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி ஒரு சிற்றுரை செய்து நல்ல புள்ளி எடுத்திருந்தாள். அதையே தமிழில் பேசப்போகிறேன் என்றாள். எனக்குப் பெருமை. இங்கே பிறந்து வளர்கிற பிள்ளைகள் தமிழ்க் கடையில்கூடத் தமிழ் பேசக் கூச்சப்படுகிற காலம் இது.

விழாவுக்கு மூன்று கிழமை முன்னர் ஒத்திகை. வகுப்புக்குப் பொறுப்பானவர் நல்லநாதன் மாஸ்டர். ஊரில் பெயர்பெற்ற கல்லூரியில் படிப்பித்தவர். இங்கே ஒரு சலவை ஆலையில் வேலை. அவரோடு ஏழெட்டுப் பெற்றோர். தர்ஷினி மேடையேறி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"பெரியோர்களே, நண்பர்களே, நான் இன்று பேசப்போவது அமெரிக்காவில் நடந்த குடிமக்கள் போர்."

 பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அவரைத் தொடர்ந்து எல்லோரும். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"என்ன பிள்ளை, சிரைக்கிறவையும் வெளுக்கிறவையுமோ அமெரிக்காவில அடிபட்டவை?"

தர்ஷினிக்குச் சிரிப்பின் காரணம் விளங்கவில்லை. அவள் செய்தது சின்னப் பிழை. ஜெர்மனில் உள்நாட்டுப் போருக்கு 'பியூர்கர்க்ரீக்' என்பார்கள். பியூர்கர் என்றால் பிரஜை, குடிமகன். க்ரீக் என்றால் போர். அகராதியைப் பார்த்து ஒட்டியிருக்கிறாள்.

ஆனால் எங்கள் யாழ்ப்பாணத்தில் குடிமக்கள் என்றால் நாட்டின் பிரஜைகள் அல்லர் என்பது உங்களுக்குத் தெரியும். சவரம் செய்கிறவர், துணி வெளுக்கிறவர், பறை அடிக்கிறவர். கலியாணம், செத்தவீடு என்று பெரிய வீடுகளின் நன்மை தின்மைக்கு வந்து வாசலில் நிற்க வேண்டியவர்கள். அகராதிக்குத் தெரியாத அந்த அர்த்தம், சுவிஸ் நாட்டின் ஒரு தேவாலய மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

நானும் சிரித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து பதினொரு வருடமாகச் சிரித்துக்கொண்டிருப்பவன் நான்.

2

பயம் எப்போது தொடங்கியது என்று சொல்கிறேன். அகதி விண்ணப்பத்துக்கான விசாரணை. வெள்ளைக்கார அதிகாரி பெயர் கேட்டார், பிறந்த இடம் கேட்டார், சமயம் கேட்டார். மொழிபெயர்க்க வந்த தமிழர், நான் ஊர்ப் பெயரைச் சொன்னதும் பேனாவை நிறுத்திவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்: "ஊரில எவடம்? கோயிலடியோ, குளத்தடியோ?"

அதிகாரி அப்படிக் கேட்கச் சொல்லவில்லை. அவருடைய படிவத்தில் சாதிக்கென்று ஒரு கட்டமும் இல்லை.

"கோயிலடி," என்றேன். பொய். அந்தக் கோயிலுக்குள் என் தகப்பனார் தன் வாழ்நாளில் கால் வைத்ததில்லை. நாங்கள் குளத்தடி.

அன்று சொன்ன பொய்யைக் காப்பாற்ற இன்னும் எத்தனையோ பொய்கள். இங்கே வருகிற ஒவ்வொரு தமிழரும் கைகுலுக்கி முடிய முன்னமே "எவடம்?" என்கிறார்கள். நான் ஊரின் பெயரை விட்டுவிட்டு "யாழ்ப்பாணப் பக்கம்" என்று பரவலாகச் சொல்லப் பழகினேன். ஊர்ச்சங்கக் கூட்டங்களுக்குப் போவதில்லை. என் மனைவி ராஜி தன் சொந்தத் தமக்கையின் கலியாண வீடியோவைக்கூட யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. அதில் யாராவது யாரையாவது அடையாளம் கண்டுவிட்டால்?

நான் மருத்துவமனை ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே பொஸ்னியாவிலிருந்து வந்த இருவர் இருக்கிறார்கள். இருவரும் ஒரே மொழிதான் பேசுவார்கள், ஆனால் ஒரே மேசையில் இருந்து சாப்பிட மாட்டார்கள். எங்கள் ஆட்கள் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். "பார், ஒரே சனம், ஆளை ஆள் தின்னுதுகள்" என்பார்கள். நாங்கள் மட்டும் என்ன என்று எனக்கு வாய்வரை வரும். விழுங்கிக்கொண்டு பாத்திரத்தைக் கழுவுவேன்.

3

ஒத்திகை முடிந்து பேருந்தில் வந்தோம். வீட்டில் சாப்பாட்டு மேசையில்தான் தர்ஷினி கேட்டாள்.

"அப்பா, ஏன் சிரிச்சவை?"

"நீ சொன்ன சொல்லு பிழை பிள்ளை. உள்நாட்டுப் போர் எண்டு சொல்ல வேணும்."

"பிழை எண்டால் திருத்தலாம்தானே. ஏன் சிரிச்சவை?"

சமாளித்துப் பார்த்தேன். குடிமக்கள் என்றால் பெரிய வீடுகளுக்கு வேலை செய்கிறவர்கள் என்று மேலோட்டமாகச் சொன்னேன். அவள் விடவில்லை. அமெரிக்காவைப் பற்றி ஒரு மாதம் வாசித்த பிள்ளை அல்லவா?

"சம்பளத்துக்கோ, சும்மாவோ?"

"முந்தி... சும்மா."

"அப்ப அடிமையள். எங்களிட்ட அடிமையள் இருந்தவையோ?"

"இருந்தவை."

அவள் முகம் சுருங்கியது. பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள். "நாங்கள் வச்சிருந்தனாங்களோ?"

ராஜி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். ஆனால் என் பிள்ளை தன்னை அடிமைகளை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தாள். அதை எப்படி விடுவது?

"இல்லைப் பிள்ளை," என்றேன். "நாங்கள்தான் அவை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஒல்லாந்தர் காலத்திலேயே அடிமைகள் யார் யாரென்று சட்டத்தில் எழுதியிருந்ததை. இங்கிலீசுக்காரன் அந்தச் சட்டத்தை நீக்கி இரண்டு தசாப்தம் நிறைய முன்னர்தான் அமெரிக்காவில் போர் தொடங்கியது என்பதை. அங்கே போர் நடந்து சட்டம் போனது, எங்களிடம் போரில்லாமலே போனது. முறை மட்டும் போகவில்லை என்பதை. நான் சிறுவனாக இருந்தபோது தேநீர்க் கடையில் எங்களுக்கு மட்டும் போத்தலில் தேநீர் ஊற்றித் தந்ததை. பள்ளிக்கூடத்தில் உட்காரும் வாங்கு காலியாகக் கிடக்க நாங்கள் நிலத்தில் இருந்ததை.

என் தகப்பனாரின் கதையையும் சொன்னேன். நாங்கள் குடியிருந்த துண்டுக் காணியை விலைக்குத் தரும்படி கேட்க, ஐயா ஒருநாள் அந்தப் பெரிய வீட்டுக்குப் போனார். வீட்டுக்காரர் கோபிக்கவில்லை. உள்ளே போய்ப் காணிகளின் பழைய உறுதிப் பத்திரக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய முன்னோரில் ஒரு பெண்ணுக்குச் சீதனம் எழுதிய உறுதி. வயல், பனங்காணி, இரண்டு மாடு, அதற்குக் கீழே ஒரு பையனின் பெயர். ஐயாவின் பூட்டன். எங்கள் சின்னவனின் வயது, பத்து, இருந்திருக்கலாம்.

"உனக்கென்னத்துக்கு உறுதி?" என்று வீட்டுக்காரர் சிரித்தாராம். "உன்ர பரம்பரையே எங்கட உறுதியிலதானே கிடக்கு."

ஐயா அதை எங்களுக்குச் சொன்னபோது அழவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டு ஒழுங்கையால் அவர் நடக்கவே இல்லை. சந்தைக்குப் போக அரைமைல் சுற்றிப் போனார், சாகும்வரை.

தர்ஷினி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இதை ஏன் எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்ல?"

4

அவள் பேச்சை மறுபடி எழுதினாள். தலைப்பு திருத்தப்பட்டுவிட்டது. உள்ளே அமெரிக்கக் கதை முழுவதும் இருந்தது. தட்டித் தடுமாறிய தமிழில் அவள் எழுதியதைத் திருத்தியபோதுதான் அந்தக் கதையை நானும் ஒழுங்காகப் படித்தேன்.

ஒரே நாடு. தெற்கில் பருத்தித் தோட்டம், அடிமைகள். வடக்கில் தொழிற்சாலைகள், அடிமைகள் இல்லை. புதிதாக ஒரு மாநிலம் சேரும்போதெல்லாம் இது எந்தப் பக்கம் என்று சண்டை. ஒவ்வொரு தடவையும் ஒரு சமரசம்: இது உனக்கு, அது எனக்கு, கோடு இங்கே. அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி மனுக்கள் குவிந்தபோது, அவற்றைச் சபையில் எடுத்துக் கதைக்கவே கூடாது என்று விதி போட்டார்கள். ஒற்றுமை குலைந்துவிடுமாம். பிறகு தப்பியோடி வந்த அடிமையை வடக்கத்தியானும் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டம். அதுவரை எனக்கென்ன என்றிருந்தவன் வீட்டு வாசலுக்கே அது வந்துவிட்டது. சபைக்குள்ளேயே ஒரு பிரதிநிதி இன்னொருவரைக் கைத்தடியால் அடித்து விழுத்தினார். தடி உடைந்துபோனது. தெற்கில் அவருக்குப் புதுத்தடிகள் பரிசாக அனுப்பினார்கள். கறுப்பனுக்குப் பிரஜை என்ற உரிமையே கிடையாது என்று உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடிமை முறை இனிப் பரவக்கூடாது என்ற ஒருவர் தேர்தலில் ஜனாதிபதியாக வந்தார். தெற்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. துறைமுகக் கோட்டை ஒன்றின்மீது முதல் குண்டு விழுந்தது. நான்கு வருடப் பிணங்கள்.

ஒரே நாளில் வந்த போர் அல்ல அது. கதைக்காமல் விட்டு, கதைக்காமல் விட்டு, வளர்த்தெடுத்த போர்.

கடைசியில் தர்ஷினி தானாக ஒரு பந்தி எழுதிச் சேர்த்திருந்தாள், எங்களைப் பற்றி.

பேச்சின் பிரதியை மாஸ்டரிடம் கொடுத்தாள். இரண்டாம் நாளே மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். ஒன்பது வருடப் பழக்கம். என் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கெல்லாம் வந்து சாப்பிட்டவர். அன்று ராஜி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் கோப்பையைத் தொடவில்லை. "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான் தங்கச்சி" என்றார்.

அந்த ஒரு வரியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பந்தியை வாசித்திருக்கிறார். ஒன்பது வருடம் யார் வீட்டில் சாப்பிட்டோம் என்று கணக்குப் பார்த்திருக்கிறார்.

"தம்பி, பிள்ளை கெட்டிக்காரி," என்று தொடங்கினார். "ஆனால் அந்தக் கடைசித் துண்டு வேண்டாம். அங்க ஊரில சனம் செத்துக்கொண்டிருக்கு. இப்ப இதுகளைக் கதைச்சால் ஒற்றுமை குலையும். முதல்ல நாடு கிடைக்கட்டும். மற்றதெல்லாம் தன்ர பாட்டில சரிவரும்."

அதற்கு முந்தின வருடம்தான் இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணமே ஒரே நாளில் எழும்பி, மழையில் நனைந்துகொண்டு தென்மராட்சிக்கு நடந்தது. நடந்தவர்களில் என் தம்பியும் இருந்தான். அவன் எழுதிய கடிதம் என் அலுமாரியில் இருக்கிறது. கைக்குழந்தைக்குத் தண்ணீர் வேண்டி ஒரு வளவுக்குள் போயிருக்கிறான். வீட்டுக்காரி கிணற்றுக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்: "எவடம்?" பின்னால் குண்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததாம். உண்மையைச் சொன்னான். அவள் கயிற்றைக் கொடுக்கவில்லை. தானே அள்ளித் தூர நின்று ஊற்றினாள்.

இந்தக் கடிதத்தை எடுத்து மாஸ்டரின் முன்னால் போட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஓம் மாஸ்டர், வெட்டச் சொல்லுறன்" என்றேன்.

அவர் போனபின் ராஜி அழுதாள். "விடுங்கோ. நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு கலியாணம் பேச வேண்டாமே?" என்றாள். தர்ஷினி தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அவை அமெரிக்காவிலயும் இதைத்தானே சொன்னவை. கதைச்சால் ஒற்றுமை குலையும் எண்டு."

"உனக்கு விளங்காது பிள்ளை."

"எனக்கு விளங்குது. உங்களுக்கு அவையைப் பயம். இஞ்ச அவை ஆர் அப்பா? அவரும் துணிதானே தோய்க்கிறார்?"

அவள் அந்தப் பந்தி இருந்த தாளைக் கிழித்தெடுத்து என் கையில் தந்தாள். "நீங்கள்தானே வெட்டச் சொன்னது. நீங்களே வச்சிருங்கோ." அதன்பிறகு விழாநாள்வரை அவள் என்னோடு ஜெர்மனில்தான் பேசினாள். கேட்டதற்கு மட்டும் பதில்.

5

ஞாயிற்றுக்கிழமைப் பகல். மண்டபம் நிறைந்த சனம். பட்டுச்சேலை, மல்லிகை வாசம், வெளியே வரிசையாகக் குழந்தைத் தள்ளுவண்டிகள். தர்ஷினி பேசினாள். ஓரிடத்திலும் தடக்கவில்லை. உள்நாட்டுப் போர் என்று திருத்தமாகச் சொன்னாள். முதற்குண்டு, நான்கு வருடம், நன்றி வணக்கம். கைதட்டினார்கள். அவள் ஒருவரையும் பார்க்காமல் இறங்கிப் போய்ப் பின்வரிசையில் இருந்தாள்.

அதோடு முடிந்திருக்கும். மாஸ்டர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பாருங்கோ, அமெரிக்காக்காரன் மனுசனை மனுசன் அடிமையாக்கி, அதால அடிபட்டு அழிஞ்சான். எங்கட பிள்ளையள் ஒண்டைக் கவனிக்க வேணும். எங்களுக்குள்ள அப்பிடி ஒரு நாளும் இருந்ததில்லை. நாங்கள் எல்லாரும் ஒரு தாய் பிள்ளையள்."

ஒரு நாளும் இருந்ததில்லை. அந்தப் பந்தியைத் தன் கண்ணால் வாசித்த மனிதர், என் வீட்டுத் தேநீரைத் தொடாமல் எழும்பிப் போன மனிதர், என் பிள்ளையின் முன்னாலேயே இதைச் சொல்கிறார்.

நான் எழுந்தேன். ராஜி என் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள். மேடைக்குப் போனேன். மாஸ்டரின் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினேன். பறித்தேன் என்று பிறகு கதைத்தார்களாம், அப்படியே இருக்கட்டும். கோட்டுப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன்.

"என்ர மகளின்ர பேச்சில ஒரு துண்டு விடுபட்டுப் போச்சு. விடச் சொன்னது நான்தான். இப்ப நானே வாசிக்கிறன்."

அவள் எழுதியது இவ்வளவுதான்:

"எங்கள் நாட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். என் அப்பாவின் ஐயாவின் பூட்டனை மாட்டோடு சேர்த்துச் சீதனமாகக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு என் தம்பியின் வயது. அமெரிக்கர்கள் இதைப் பற்றிக் கதைக்காமல் இருந்து கடைசியில் சண்டை பிடித்தார்கள். நாங்கள் ஒரு சண்டையைப் பிடித்துக்கொண்டு இதைப் பற்றிக் கதைக்காமல் இருக்கிறோம்."

இரண்டாம் வரியிலேயே ஒலிவாங்கி நின்றுவிட்டது. யார் நிறுத்தியது என்று தெரியாது. "இது கலை விழா, அரசியல் கதைக்காதேங்கோ" என்று ஒரு குரல். அடுத்த நடனத்துக்கான ஒலிநாடாவை யாரோ போட்டுவிட்டார்கள். மிருதங்கச் சத்தத்துக்கு மேலால் கத்தி வாசித்து முடித்தேன். முடித்துவிட்டுச் சொன்னேன்: "நான் கோயிலடி இல்லை. குளத்தடி. இனி ஆரும் என்னை எவடம் எண்டு கேக்கத் தேவையில்லை."

சலங்கை கட்டிய சின்னப் பெண்கள் நான்கு பேர் மேடையோரத்தில் நின்று, ஆடுவதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்கள். இறங்கி வந்தேன். ராஜிக்குப் பக்கத்தில் இருந்த பெண் எழும்பி வேறிடம் போயிருந்தாள். ராஜி அழவில்லை. தன் கைப்பையைத் தூக்கி அந்தக் கதிரையில் வைத்துவிட்டு, என்னை என் இடத்தில் இருக்கச் சொன்னாள். நடனம் முடியும்வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் வெளிக்கிட்டோம்.

வீட்டுக்கு வருகிற பேருந்தில் தர்ஷினி எனக்கு முன் இருக்கையில் இருந்தாள். மூன்றாவது நிறுத்தத்தில் திரும்பி, தமிழில் சொன்னாள்: "பூட்டன் எண்டதை நீங்கள் சரியாச் சொல்லேல்ல. சத்தத்தில 'பாட்டன்' மாதிரிக் கேட்டது."

6

யாரும் தடியால் அடிக்கவில்லை. சுவிசில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். மாஸ்டர் ரயில் மேடையில் கண்டால் இப்போதும் "எப்பிடி, சுகமோ?" என்கிறார். நின்று கதைப்பதில்லை.

ஒரு மாதத்தில் நகரின் மறுபக்கத்தில் இன்னொரு தமிழ் வகுப்புத் தொடங்கியது. பழைய மண்டபத்தில் இடம் காணாதாம், நெருக்கமாம். பழைய மண்டபத்தில் இப்போது பாதிக் கதிரைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. இடம் காணாமல் போனவர்கள் யார் யார் என்று பட்டியல் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும், எல்லாம் கோயிலடி. இவ்வளவு சின்ன நகரத்தில், ஒரு பேருந்தை நிரப்பப் போதாத பிள்ளைகளுக்கு, இரண்டு தமிழ்ப் பள்ளிக்கூடம். இதற்கும் ஒற்றுமை என்றுதான் பெயர் சொல்கிறார்கள்.

தர்ஷினி இரண்டுக்கும் போவதில்லை. "எனக்குத் தமிழ் வேண்டாம் அப்பா, அதுக்குள்ள கனக்க ஒளிச்சு வச்சிருக்கினம்" என்கிறாள். இதுதான் எனக்குத் தாங்க முடியாதது. தாய்மொழியைப் பிள்ளை மறக்கிறது என்று மேடைக்கு மேடை அழுகிறவர்கள், என் பிள்ளை ஏன் மறக்க விரும்புகிறாள் என்று வந்து கேட்கட்டும். நான் சொல்கிறேன்.

போன புதன்கிழமை. பிள்ளைகளுக்கு மத்தியானத்துக்குப் பிறகு பள்ளி இல்லாத நாள், எனக்கும் விடுமுறை. தொலைபேசி அடித்தது. ஒரு ஆணின் குரல். எங்கள் பேச்சு, எங்கள் பக்கத்துப் பேச்சு.

"அண்ணை, நான் அண்டைக்கு மண்டபத்தில இருந்தனான்."

"ஓம், சொல்லும்."

"நானும் உங்கட ஆக்கள்தான் அண்ணை. பேர் கேக்காதேங்கோ."

நான் கேட்கவில்லை.  அவருக்குப் பின்னால் தொலைக்காட்சிச் சத்தமும், இரண்டு சிறுவர்கள் சுவிஸ் ஜெர்மனில் சண்டை பிடிக்கிற சத்தமும் கேட்டன.

"உங்களுக்குப் பயமில்லையோ அண்ணை?"

"பயம்தான். இப்ப கோபம் கூட."

"நான் புதுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் பிள்ளையளை விடுறன். விடாட்டில் கேப்பினம்."

அதைக் கேட்டதும் தொலைபேசியைத் தூக்கி அடிக்க வேண்டும் போலிருந்தது. பேரைச் சொல்லடா என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் பதினொரு வருடம் இந்தக் குரலில் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளையளுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"அதுகள் சின்னனுகள் அண்ணை." 

"சொல்லும் தம்பி. வேற ஆராவது சிரிச்சு, அதுகள் வந்து ஏன் எண்டு உம்மைக் கேக்க முன்னம், நீரே சொல்லும்."

அவர் தொலைபேசியை வைக்கவில்லை. அதன் வாயைப் பொத்தாமல், எனக்கும் கேட்க, பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தொலைக்காட்சி நின்றது.